பார்த்துக் கற்றலும் பருவக் கணக்கும்

1877ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டனிலிருந்து வெளிவந்த 'மைண்ட்' என்னும் காலாண்டிதழில் சார்லஸ் டார்வின் பத்துப் பக்க அளவில் ஒரு கட்டுரை எழுதினார். 1839 டிசம்பரில் பிறந்த தம் மூத்த மகனை நாள்தோறும் கவனித்துக் குறித்துவைத்த செய்திகளே அதன் உள்ளடக்கம். அக்குறிப்புகளில் சில, உணர்ச்சி வெளிப்பாடு பற்றி அவர் 1872இல் வெளியிட்ட நூலில் பயன்பட்டிருந்தன. எனினும் குழந்தை வளர்ச்சியின் வரலாறாக அவை ஒருங்கே அச்சேற முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. அதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஒரு மொழிபெயர்ப்பு. இப்போலித் தெய்ன் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் மகள் மொழி கற்ற வகையைப் பற்றி 1876இல் பிரெஞ்சில் எழுதிய கட்டுரை, மறு ஆண்டு ஏப்ரலில் 'மைண்ட்' இதழில் ஆங்கிலமாக்கப்பட்டு வெளிவந்தது. அதைப் படித்த பின்னரே டார்வின் தம் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தார்.

அக்கட்டுரையில் ஓரிடம் ஊன்றிப் படிக்கத்தக்கது. நான்காம் மாதமளவில் குழந்தை ஒலிகளைப் போலச்செய்ய முயல்வதாகத் தமக்குத் தோன்றியது என்று கூறும் டார்வின், தாம் ஏமாந்திருக்கவும் கூடும் என்றும், பத்தாம் மாதத்தில்தான் தமக்கு ஐயம் நீங்கியது என்றும் உடனே சேர்த்துரைக்கிறார். பதினொன்றரை மாதத்தில், அழுக்கான பொருளைக் கண்டால் தலையை ஆட்டி 'ஆ' என்பது போன்ற செயல்களை அக்குழந்தை எளிதாகப் பார்த்துச் செய்தது. நான்கா, பத்தா என்ற இந்த ஐயத்தைத் தோற்றுவித்தவன் குழந்தையல்லன். பார்த்தவரின் கண்ணிலேயே அது பிறந்தது. குழந்தை பார்த்துக் கற்கத் தொடங்கும் வயது எது என்ற வினாவின் வரலாறு பெரிதும் இந்த ஐயத்தைச் சுற்றியே சுழன்று வந்துள்ளது.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. ஆசிரியப் பயிற்சி நூல்களிலும் பெற்றோர்க்கான கையேடுகளிலும், செயலுக்கு எதிரே வயதை இட்டுத் தரப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் பிற மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவை. பட்டியலில் அடங்காத குழந்தைக்குப் 'பின்தங்கிய குழந்தை' என்னும் பெயர் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அவ்வெண்கள் எந்த வீட்டில், எந்த மொழியில், எம்முறையால் கிடைத்தவை என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

நாட்குறிப்புக் காலம்

குழந்தையைத் தொடர்ந்து நோக்கி எழுதும் வழக்கத்தின் முன்னோடியாகச் சுட்டப்படுபவர் டீட்ரிக் டீடமான் என்னும் செருமானிய மெய்யியலாளர். 1781இல் பிறந்த தம் மகனின் முதல் இரண்டரை ஆண்டு வளர்ச்சியை அவர் 1787இல் வெளியிட்டார். அன்று அதனைக் கவனித்தார் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது பிரெஞ்சு வடிவம் பெற்ற பிறகே அறிஞருலகில் உலவத் தொடங்கியது. அக்குழந்தை வளர்ந்து ஃபிரீட்ரிக் டீடமான் என்னும் உடற்கூற்று அறிஞராகி, ஆப்பிரிக்கரின் மூளையும் ஐரோப்பியரின் மூளையும் தரத்தில் வேறுபடுவன அல்ல என்று 1836இல் எழுதியது இவ்வரலாற்றின் இனிய கிளைச்செய்தி.

டீடமானுக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழிந்து, யேனா நகரின் உடலியல் பேராசிரியர் வில்லியம் பிரேயர் 1882இல் 'குழந்தையின் உள்ளம்' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டார். தம் மகனை முதல் மூன்றாண்டுகள் நாள்தோறும் காலை, நண்பகல், மாலை எனத் தவறாது நோக்கியவர் அவர். பெரியவர் உதட்டைக் குவிக்கக் கண்டு குழந்தையும் குவிக்க முயன்றதை அவர் நான்காம் மாதத்திலேயே குறிக்கிறார். டார்வின் தயங்கிய இடத்தில் பிரேயர் தயங்கவில்லை. 1907இல் 'குழந்தை மொழி' என்னும் பெருநூலை வெளியிட்ட ஸ்டெர்ன் இணையரின் குறிப்பேடுகளோ மூன்று குழந்தைகளைப் பற்றியவை. அவற்றைப் பெரிதும் எழுதியவர் தாயான கிளாரா. நூலின் முகப்பிலும் அவர் பெயரே முன் நிற்கிறது. ஆயினும் பிற்கால நூல்கள் பலவற்றில் கணவர் வில்லியம் ஸ்டெர்னின் பெயர் மட்டுமே நிலைத்துவிட்டது.

இந்நாட்குறிப்புகளின் அருமை அவற்றின் நுணுக்கத்தில் இருக்கிறது. தெய்னின் மகள் பதினான்காம் மாதமளவில் 'தெம்' என்றொரு சொல்லைத் தானே ஆக்கி, 'கொடு', 'பார்' முதலிய பொருள்களில் வழங்கினாள். டார்வினின் மகன் சரியாக ஓராண்டு நிறைந்தபோது உணவுக்கு 'மம்' என்று பெயரிட்டான். குழந்தை கண்டதையும் கேட்டதையும் திருப்பித் தருவதோடு நிற்பதில்லை என்பதற்கு இவ்விரு சொற்களும் அக்காலத்திலேயே சான்றாயின. குறை எதுவெனில், இக்குழந்தைகள் அனைவரும் கற்றோர் வீட்டுக் குழந்தைகள். ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் ஆகிய மூன்று மொழிகளுக்குள் அடங்குபவர்கள். பெற்றோரே நோக்குநராதலின் பாசம் கண்ணை மறைப்பதற்கும் இடமுண்டு. டார்வின் அஞ்சியது இதைத்தான்.

ஜாக்குலின் கண்ட காட்சி

ழான் பியாஜே 1925க்கும் 1931க்கும் இடையே பிறந்த தம் மூன்று குழந்தைகளை நோக்கி எழுதியவை இம்மரபின் உச்சம். அவற்றுள் மூத்த மகள் ஜாக்குலினைப் பற்றிய ஒரு குறிப்பு, பார்த்துக் கற்றல் பற்றிய எல்லா விவாதங்களிலும் தலைகாட்டுகிறது. அவளுக்கு ஒரு வயது நான்கு மாதம் ஆனபோது, ஏறத்தாழ அவள் வயதொத்த சிறுவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். குழந்தைகளை விடும் மரச்சட்ட அடைப்புக்குள் நின்றுகொண்டு, வெளியேற முயன்று அவன் கத்தினான், அடைப்பைத் தள்ளினான், காலை உதைத்தான். அதுபோன்ற காட்சியை அதற்குமுன் கண்டிராத ஜாக்குலின் வியந்து நின்றாள். மறுநாள் அவளே தன் அடைப்பினுள் நின்று கத்தி, அதனை நகர்த்த முயன்று, மெல்லக் காலால் தட்டினாள். சிறுவன் எதிரில் இல்லை. நேற்றைய காட்சி மட்டுமே அவளிடம் இருந்தது.

கண்முன் இல்லாத ஒன்றை மனத்தில் இருத்திப் பின்னர்ச் செய்துகாட்டும் இவ்வாற்றலைப் பியாஜே புலன்-இயக்கக் காலத்தின் ஆறாவதும் இறுதியுமான படியில் வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை வயதை ஒட்டி அது தோன்றுகிறது என்பதும், சொல்லைக் குறியீடாகக் கையாளும் திறனும் அதனோடு சேர்ந்தே வருகிறது என்பதும் அவர் கொள்கை. இளைய மகள் லூசியன், தீப்பெட்டியின் சிறு திறப்பை அகலமாக்கச் செயலில் இறங்குமுன் தன் வாயைத் திறந்து திறந்து பார்த்ததையும் அவர் இதனுடன் இணைத்துக் காட்டினார். பொருளின் அசைவை உடலால் போலச்செய்வதே அங்குச் சிந்தனையின் முதல் வடிவம்.

போலச்செய்தலைப் பற்றிய அவர்தம் தனிநூல் 1945இல் வெளிவந்தது. பிரெஞ்சில் அதன் தலைப்பு 'குழந்தையிடத்தில் குறியீட்டின் உருவாக்கம்' எனப் பொருள்படும். 1951இல் ஆங்கிலத்தில் வந்தபோதோ தலைப்பு 'குழந்தைப் பருவத்தில் விளையாட்டு, கனவு, போலச்செய்தல்' என மாறிவிட்டது. குறியீடு பற்றிய கொள்கை நூலாக எழுதப்பட்டது, குழந்தைச் செயல்களைப் பற்றிய விளக்க நூலாக ஆங்கிலம் வழியே பரவியது. மொழியியலார் பலர் நெடுநாள் அதனை எட்டிப்பாராமைக்கு இம்மாற்றமும் ஒரு காரணமாகலாம்.

பியாஜேயின் வயதெல்லை நிலைக்கவில்லை. 1988இல் ஆண்ட்ரூ மெல்ட்ஸாஃப் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சில எளிய பொருள்களைக் கையாண்டு காட்டி, ஒருநாள் கழித்து அப்பொருள்களை அவர்கள் கையில் தந்தார். கண்ட செயலை அவர்கள் செய்தனர். 1996இல் நியூசிலாந்து ஆய்வாளர் சிலர் ஆறு மாதக் குழந்தைகளிடத்தும் ஒருநாள் இடைவெளிக்குப்பின் அத்திறனைக் கண்டனர். வேறுபாடு முறையில் இருந்தது. நாட்குறிப்பு எழுதுபவர் குழந்தை தானே ஒன்றைச் செய்யும்வரை காத்திருப்பார். ஆய்வுக்கூடம் எளிய செயலைக் காட்டி, அதற்கான பொருளையும் கையில் தருகிறது. தானாக வெளிப்படும் வயது வேறு, கேட்டால் வெளிப்படும் வயது வேறு.

ஆல்பர்ட் பந்தூரா இதனை வேறொரு கோணத்தில் முன்பே காட்டியிருந்தார். பெரியவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள் அதனையே செய்தனர் என்னும் 1961ஆம் ஆண்டு ஆய்வே பரவலாக அறியப்பட்டது. மொழியியலார்க்குப் பயன்படுவது 1965ஆம் ஆண்டு ஆய்வு. அடித்தவர் தண்டிக்கப்படக் கண்ட குழந்தைகள் அச்செயலைக் குறைவாகச் செய்தனர். பரிசு தருவதாகச் சொன்னதும் அவர்களும் ஏனையோரைப் போலவே செய்து காட்டினர். செய்யாமையைக் கொண்டு கல்லாமையை முடிவு செய்தலாகாது என்பது இதனால் பெறப்பட்டது.

பிறந்த குழந்தையின் செய்தியோ இன்னும் தீரவில்லை. பன்னிரண்டு முதல் இருபத்தொரு நாள் வயதுடைய சிசுக்கள் நாக்கை நீட்டுதல், வாயைத் திறத்தல் ஆகியவற்றைப் போலச்செய்தன என்று மெல்ட்ஸாஃபும் கீத் மூரும் 1977இல் வெளியிட்ட முடிவு பாடநூல்கள் எங்கும் பரவியது. 2016இல் 106 குழந்தைகளை முதல், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் வாரங்களில் தொடர்ந்து சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வுக்குழு அதற்குச் சான்றில்லை என்றது. நாக்கை நீட்டும் சிசு, எதைக் கண்டாலும் கிளர்ச்சியால் நாக்கை நீட்டலாம் என்பது அவர்தம் வாதம். ஆய்வு முறையையே குறைகூறி மெல்ட்ஸாஃப் தரப்பினர் மறுத்தெழுதினர். டார்வினின் ஐயம் கருவிகள் பெருகிய பின்னும் அவ்வாறே நிற்கிறது.

சொல்லைப் பெயர்க்குமிடத்து

இவ்வாய்வுகளைத் தமிழில் தருவோர்க்குப் 'போலச்செய்தல்' என்ற ஒரு சொல் போதாது. பார்த்துச் செய்தல், பின்பற்றல், பாவனை செய்தல், பழிப்புக் காட்டுதல் எனத் தமிழ் வழக்கு நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறது. 2002இல் ஹங்கேரிய ஆய்வாளர் கெர்கெயும் உடனாய்வாளரும் நடத்திய சோதனையில், ஒருவர் தலையால் விளக்கை அழுத்துவதைப் பதினான்கு மாதக் குழந்தைகள் கண்டனர். அவர் கைகள் ஓய்வாக இருந்தும் தலையைப் பயன்படுத்தியபோது, குழந்தைகளில் 69 விழுக்காட்டினர் தாமும் தலையால் அழுத்தினர். போர்வையைப் பற்றியிருந்தமையால் கை ஒழியாத நிலையில் அவர் அவ்வாறு செய்தபோதோ 21 விழுக்காட்டினரே தலையைப் பயன்படுத்தினர். ஏனையோர் கையால் அழுத்தினர். முதலாவதைப் போலச்செய்தல் எனலாம். இரண்டாவது, செயலின் நோக்கத்தை மட்டும் கொண்டு வழியை விட்டுவிடுதல். அதனைப் பின்பற்றல் என்பதே பொருந்தும்.

'பருவம்' என்னும் சொல்லும் இத்தகையதே. பியாஜேயின் பிரெஞ்சுச் சொல் படியையும் கட்டத்தையும் உணர்த்துவது. வயது அதன் பொருளில் அடங்காது. படிகளின் வரிசை மாறாது, அவற்றை எட்டும் வயது சூழலுக்கேற்ப மாறும் என்று அவரே பலகால் வற்புறுத்தியுள்ளார். தமிழில் பருவம் என்றதும் காலக்கணக்கு கூடவே வந்துவிடுகிறது. பிள்ளைத்தமிழுக்குப் பாட்டியல் நூல்கள் கூறும் பத்துப் பருவங்களும் திங்கள் கணக்குடையவை. ஆயினும் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்னும் முறைவைப்பு பெரும்பாலும் நிலைத்து நிற்க, எத்திங்களில் எப்பருவம் என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. பாட்டியலார் இலக்கணம் வகுத்தது இலக்கியத்துக்கே. எனினும் கைகொட்டும் சப்பாணிக்கு முன்னர்த் தலையசைக்கும் செங்கீரை வரவேண்டும் என்பது வீட்டில் குழந்தையைக் கண்டவர் வைத்த முறை.

எல்லாவற்றினும் இடர்தருவது வைகாட்ஸ்கியின் சொல். அவர் மறைந்த 1934ஆம் ஆண்டிலேயே வெளிவந்த உருசிய நூலின் தலைப்பு 'சிந்தித்தலும் பேச்சும்' என்பது. 1962இல் பெரிதும் சுருக்கப்பெற்று வந்த ஆங்கில வடிவம் அதனைச் 'சிந்தனையும் மொழியும்' ஆக்கியது. தம் 1923ஆம் ஆண்டு நூலை வைகாட்ஸ்கி எவ்வாறு மறுத்தார் என்பதைப் பியாஜே விரிவாக அறிந்து விடையளித்ததும் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தபோதுதான். அதற்குள் மறுத்தவர் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நூலில் பயிலும் 'அபுச்சேனியெ' என்னும் உருசியச் சொல் கற்பித்தலையும் கற்றலையும் ஒரே நிகழ்வாகச் சுட்டுவது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் சிலர் 'கற்றல்' என்றும், சிலர் 'பயிற்றல்' என்றும் பெயர்த்தனர். முன்னது ஆசிரியரை மறைத்தது. பின்னது குழந்தையை மறைத்தது. தன் வளர்ச்சியின் எல்லைக்குள் இருப்பதை மட்டுமே குழந்தையால் பார்த்துச் செய்ய இயலும், ஆதலின் அது எதைப் பார்த்துச் செய்கிறது என்பதே நாளைய வளர்ச்சியின் அளவுகோல் என்னும் அவர்தம் கருத்து, இவ்விரண்டில் எச்சொல்லை இட்டாலும் பாதியாகிவிடுகிறது.

வரிசையும் வயதும்

குழந்தை மொழி ஆய்வில் வயதை முதன்முதலில் துணிந்து ஒதுக்கி வைத்தவர் எனத்தகுபவர் ரோஜர் பிரௌன். 1973இல் வெளிவந்த அவர்தம் நூல் ஆடம், ஈவ், சாரா எனப் பெயரிடப்பட்ட மூன்று குழந்தைகளின் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலத்தின் பதினான்கு இலக்கண உருபன்களை மூவரும் ஏறத்தாழ ஒரே வரிசையில் பெற்றனர். பெற்ற வயதோ பெரிதும் வேறுபட்டது. எனவே சராசரிப் பேச்சுத்தொடரின் நீளத்தை உருபன்களால் அளந்து, அதனைக்கொண்டே படிகளை வகுத்தார் அவர்.

இவ்வளவை ஒட்டுநிலை மொழிகளுக்கு அப்படியே கொண்டுவருதல் இயலாது. 'கொடுத்தான்' என்ற ஒரு சொல்லிலேயே வேர், காலம், பாலிடம் மூன்றும் உள்ளன. இரண்டு வயதளவான தமிழ்க் குழந்தைகள் உருபுகளைப் பிழை மிகாமல் கையாள்வதை இராகவேந்திராவும் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. துருக்கிய மொழி பற்றிய முடிவுகளோடு அது ஒத்துநின்றது. உருபன் கணக்கின்படி அளந்தால் தமிழ்க் குழந்தை ஆங்கிலக் குழந்தையை முந்துவதாகத் தோன்றும். சொற்கணக்கின்படி அளந்தால் பின்தங்கியதாகத் தோன்றும். குழந்தை ஒன்றே, மாறியது அளவுகோல். ஒலிப்பதிவுடன் கூடிய தமிழ்த் தரவு கிடைப்பது அரிதாதலின், கணினியியலாளரான ஆர். நரசிம்மன் தமிழ்க் குழந்தையின் பேச்சைத் திரட்டிப் பன்னாட்டுக் குழந்தை மொழித் தரவகமான 'சில்டஸ்' தொகுப்பில் இடம்பெறச் செய்த பணி தனித்து நினைக்கத்தக்கது.

தமக்குச் சொல்லாத சொல்

பார்த்துக் கற்றல் மொழிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இடப்பெயரினும் சிறந்த சான்று இல்லை. குழந்தையை நோக்கிப் பேசுவோர் அனைவரும் அதனை 'நீ' என்றே அழைக்கின்றனர். தன்னை நோக்கிவரும் பேச்சை மட்டுமே கேட்கும் குழந்தை, 'நீ' என்பதைத் தன் பெயராகவே கொள்ள நேரும். தாய் மூத்த பிள்ளையை 'நீ' என்றும், அப்பிள்ளை தாயை 'நீ' என்றும் சொல்வதை அருகிருந்து காணும்போதே அச்சொல் கேட்பவருக்கு உரியது என்பது விளங்கும். யூரிகோ ஓஷிமா-தகானே 1988இல் இதனைச் சோதனை வழியே காட்டினார். 1996இல் அவரும் உடனாய்வாளரும், இரண்டாவதாகப் பிறந்த குழந்தைகள் பொது மொழி வளர்ச்சியில் முதற்குழந்தைகளை விஞ்சாவிடினும், இடப்பெயர்களில் மட்டும் முந்துவதைக் கண்டனர். பிறர் பேச்சைப் பார்த்திருக்கும் வாய்ப்பு அவர்களுக்கே மிகுதி.

தமிழ் வீடுகளில் இது மேலும் சிக்கலாகிறது. தாய் குழந்தையிடம் 'நான்' என்பதைத் தவிர்த்து 'அம்மா தரேன், இரு' என்கிறாள். எழுவாய் படர்க்கைப் பெயர். பயனிலையின் விகுதியோ தன்மை. தன் கணவரையே குழந்தையின் முன் 'அப்பா' என்கிறாள். ஆகவே தமிழ்க் குழந்தை இடப்பாகுபாட்டை வினைவிகுதி வழியே முதலில் உணர்கிறதா, இடப்பெயர் வழியே உணர்கிறதா என்பது தனி ஆய்வுக்குரிய வினா. ஆங்கிலக் குழந்தைக்கான வயதுப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

தன்னை நோக்காத செயலையும் கூர்ந்து காணும் பழக்கம் எல்லாச் சமுதாயங்களிலும் ஒரே அளவினதன்று. குவாத்தமாலாவின் மாயா மக்களிடையே பார்பரா ரோகாஃப் பல்லாண்டுகள் ஆய்ந்தார். அவரும் கோரியா-சாவேசும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்த பிள்ளைக்குப் பொம்மை செய்யக் கற்றுத்தரும்போது மற்றொரு குழந்தை அருகே சும்மா அமர்ந்திருந்தது. பின்னொரு நாள் அதே பொம்மையைச் செய்யும் வாய்ப்பு எதிர்பாராமல் அக்குழந்தைக்குத் தரப்பட்டது. பள்ளிக் கல்வி குறைந்த தாய்மாரின் மாயா குழந்தைகள், அமெரிக்க நடுத்தரக் குழந்தைகளைவிடக் கூர்ந்து நோக்கியிருந்தனர். குறைந்த உதவியோடு செய்தும் முடித்தனர். பள்ளிக்கூட அளவுகோல் இத்திறனை அளப்பதில்லை.

மெக்சிகோவின் சினகாந்தான் ஊரில் பாட்ரிசியா கிரீன்ஃபீல்டு கண்டது வயதுக் கணக்கையும் இதனோடு இணைக்கிறது. அங்குச் சிறுமியர் இடுப்போடு கட்டி நெய்யும் தறியை மூன்று நான்கு வயதிலேயே விளையாட்டுக் கருவியாகப் பெறுகின்றனர். இரு கோல்களுக்கிடையே நூலை நேரே சுற்றிய சிறு தறி அது. கண்ணுக்குத் தெரியும் வடிவமே துணியின் வடிவம். மெய்யான தறிக்குப் பாவு ஓட்டும் சட்டம் வேறு. அதில் சுற்றிய நூல் தறியில் ஏறும்போது எவ்வடிவம் கொள்ளும் என்பதை மனத்தால் மாற்றிக் காணவேண்டும். அது ஏறத்தாழ ஏழெட்டு வயதில்தான் சிறுமியின் கைக்கு வருகிறது. பியாஜே மனமாற்றச் செயல்கள் தோன்றுவதாகக் குறித்த வயதும் அதுவே. பியாஜேயைக் கேட்டறியாத தாய்மார், தலைமுறை தலைமுறையாகப் பெண்குழந்தைகளைப் பார்த்து அக்கணக்கை வைத்திருந்தனர். 1970ஐ ஒட்டி முதல்முறை சென்றபோது தாய் அருகிருந்து கைகொடுக்க, மகள் பிழையின்றி நெய்யக் கண்டார் கிரீன்ஃபீல்டு. 1991இல் திரும்பச் சென்றபோது வாணிகம் பெருகியிருந்தது, தாய்மார்க்கு நேரமில்லை. சிறுமியர் தமக்கையரையும் ஒத்த வயதினரையும் பார்த்து, தாமே செய்து பிழைத்துத் திருத்திக்கொண்டிருந்தனர். புதிய கோலங்களும் அப்போதே பெருகின.

ரோகாஃப் தம் கொள்கைக்கு வைத்த பெயரையே காலப்போக்கில் மாற்றிக்கொண்டார். நோக்குதல் என்ற சொல் குழந்தையை ஓரமாக அமர்த்திவிடுவதாகக் கருதி, நோக்குதலோடு வேலையில் தானும் கைவைத்தலையும் சேர்த்தே பெயரிட்டார். 'உற்றுநோக்கிப் பங்கேற்றுக் கற்றல்' எனத் தமிழில் அதனைப் பெயர்ப்பது வழக்கமாகிவிடக் கூடும். பொருள் பிழையன்று, ஆயினும் வீட்டில் அப்படியொரு செயல் நடப்பதாக யாரும் சொல்வதில்லை. அடுப்படியிலும் களத்திலும் தறிக்குழியிலும் பெரியவர்களோடு நின்று சிறு கையால் ஆனதைச் செய்யும் பிள்ளையைப் பற்றித் தமிழர் சொல்வது, 'கூடமாட வேலை செய்கிறது' என்பது. கலைச்சொற் குழுக்கள் அதனைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கக்கூடும். அச்சொல்லில் கற்பவரும் இருக்கிறார், கற்பிப்பவரும் இருக்கிறார், வயது இல்லை.